செவிலியர் சங்கத்துப் பழைய ஏடுகள்



நாம் ரயில்வே குமாஸ்தா. சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஒரு வரி விடுபட்டால் பென்ஷனுக்கு எத்தனை அலைச்சல் என்பதை நாள்தோறும் காண்கிறோம்.

1905-இல் இலக்னோவில் செவிலியர் மேற்பார்வையாளர் சங்கம் தோன்றிற்று. தொடங்கியவர்கள் மருத்துவமனைகளில் தலைமை வகித்த ஐரோப்பிய மாதர் ஒன்பதின்மர். வார்டில் இரவெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு அதில் இடமில்லை. அவர்களுக்கும் சேர்த்தே 1908-இல் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் உருவாயிற்று. 1910-இல் அது தனக்கென ஒரு பத்திரிகை கண்டது. 1922-இல் இரு சங்கங்களும் ஒன்றாயின. இன்று அதன் தலைமையகம் நாம் வாழும் இத்தில்லியிலேயே உள்ளது.

இவையெல்லாம் சங்கத்தின் ஏடுகளால் தெரிகின்றன. ஆனால் சங்கம் எத்தனை பேரைத்தான் எழுதி வைக்கும்? நம் அத்தை ஒருவர் முப்பது ஆண்டுகள் நர்ஸாக இருந்தார். அவர் காலமானதும் சான்றிதழ், பதிவுச் சீட்டு யாவற்றையும் கபாடிக்காரரிடம் எடைக்குப் போட்டோம். எட்டணாவுக்குக்கூடப் பெறவில்லை! அவர் எங்கே பயின்றார், எந்த ஆண்டு பதிவு பெற்றார் என்று மகள் கேட்கிறாள். விடை சொல்ல வீட்டில் ஆளில்லை.

நம் காலனியில் ஓய்வு பெற்ற செவிலியர் சிலர் இருக்கிறார்கள். வரும் ஞாயிறு மாலை நோட்டுப் புத்தகத்துடன் அவர்கள் இல்லங்களுக்கு வருகிறோம். தாய்மார்களே, அதுவரை டிரங்குப் பெட்டிகளைக் காலி செய்யாதீர்கள்.