மறித்தவர்களும் எரித்தவர்களும்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய பேச்சு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இந்த மேடைக்குச் சற்றுப் புதியது. ஆகாய விமானத்துக்காகக் காத்து நின்ற பிரயாணிகள் சிலர் கோபங்கொண்ட கதை அது. அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியோர்கள் நினைக்கக்கூடும். அந்தக் கதையின் ஒரு பகுதி நம் பாலையூற்றிலிருந்து சில மைல் தூரத்திலேயே நடந்தது.

2022 ஆம் ஆண்டை இங்கு எவரும் மறந்திருக்க முடியாது. ஏப்ரல் 12 ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஜனங்களோ அதற்கு முன்னரே வரிசைகளில் நிற்கத் தொடங்கிவிட்டனர். எரிவாயுவுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, ஊரைவிட்டே போய்விடலாமென்று கடவுச்சீட்டுக்கு ஒரு வரிசை. சீனக்குடாவில் வெள்ளைக்காரர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளுக்கு அருகே வாழும் ஊரவர்கள் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காக வெயிலில் நின்றார்கள் என்றால், அதை என்னென்பது! விமானங்களும் தப்பவில்லை. நம் நாட்டு விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின.

ஜூலை 9 இல் கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள் புகுந்தனர். முன்னதாகவே வெளியேறிவிட்ட ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ, அடுத்த நாட்களில் கட்டுநாயக்க விமான நிலையத்தின் வழியாக வெளிநாடு செல்ல முயன்றார். கடவுச்சீட்டில் முத்திரை குத்த வேண்டிய குடிவரவு அதிகாரிகள், பிரமுகர்களுக்குரிய கூடத்துக்கு வரமாட்டோம் என்றார்கள். பொது மண்டபத்தின் வழியே போகலாமே என்றால், அங்கே பிரயாணிகள் நின்றார்கள். முப்படைகளின் தளபதியாகிய அவர் அந்தப் பிரயாணிகளுக்கு அஞ்சினார். இவ்வாறு நான்கு விமானங்களை அவர் தவறவிட்டார் என்று செய்திகள் கூறின. ஜூலை 12 அதிகாலையில் அவருடைய தம்பியார், முன்னாள் நிதி மந்திரி பசில் ராஜபக்ஷ, துபாய் செல்லும் விமானத்துக்காக வந்தார். பிரயாணிகள் ஆட்சேபித்தார்கள், அதிகாரிகள் கடமையிலிருந்து விலகினார்கள், அவர் திரும்பிப் போனார். மறுநாள் அதிகாலை ஜனாதிபதி ஓர் இராணுவ விமானத்தில் மாலைதீவுக்குச் சென்று, அங்கிருந்து சிங்கப்பூரை அடைந்து, இராஜினாமாக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினார்.

அங்கு நின்றவர்கள் யார்? துபாயிலும் கட்டாரிலும் கூலிவேலைக்குப் போகும் ஆண்களும் பெண்களும் நாள்தோறும் நிறைந்திருக்கும் இடம் அது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடவுச்சீட்டு. அதிலே அவரது பெயர், ஊர், படம். தடுத்தவர் இன்னார் என்று மறுநாளே கண்டுபிடித்துவிடலாம். அப்படியிருந்தும் தடுத்தார்கள்.

இதுவும் கும்பலின் அடாவடித்தனந்தானே என்று வாதிப்போர் உண்டு. வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. பசில் அவர்களும் தமையனார் மஹிந்த அவர்களும் நாட்டைவிட்டு வெளியேறக்கூடாதென்று உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது ஜூலை 15 இலேதான். பன்னிரண்டாந் திகதி அதிகாலையில் அப்படியொரு கட்டளை இருக்கவில்லை. ஆயினும், பிரமுகர் கூடத்துக்கு வரமாட்டோம் என்ற அதிகாரிகளின் சொல்லுக்கு, வரிசையில் வாருங்கள் என்பதைத் தவிர வேறு பொருளை நாம் காணவில்லை. மாதக்கணக்காக வரிசையில் நின்ற ஒரு நாடு அதைக் கேட்பதில் என்ன குற்றம்?

நிற்க. இரண்டு மாதம் பின்னோக்கிப் போவோம். மே 9 ஆந் திகதி, அலரி மாளிகையில் கூடிய ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் பொல்லுகளுடன் காலிமுகத்திடலுக்குச் சென்று, அமைதியாக இருந்த போராட்டக்காரரைத் தாக்கினார்கள். அன்று மாலையிலிருந்து நாடு எரிந்தது. அரசியல்வாதிகளின் வீடுகள் பற்றி எரிந்தன. நிட்டம்புவையில் பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துக்கோரளவின் வாகனத்தைக் கூட்டம் மறித்தது, துப்பாக்கி வெடித்தது, கூட்டத்தில் ஓர் இளைஞர் இறந்தார், பின்னர் உறுப்பினரும் அவருடைய காவலரும் கொல்லப்பட்டார்கள். பிரதம மந்திரி பதவியைத் துறந்த மஹிந்த ராஜபக்ஷ மறுநாள் விடியுமுன் வெளியேறி வந்து சேர்ந்த இடம் நமது திருகோணமலைக் கடற்படைத் தளம். தளத்தின் வாசலிலும் ஜனங்கள் கூடிக் கோஷமிட்டார்கள்.

அப்பொழுது நம் இளைஞர்கள் சிலர் உள்ளூர மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சிக்குக் காரணமும் இருந்தது. 1983 ஜூலையில் கடற்படைச் சிப்பாய்கள் முகாமைவிட்டு வெளியே வந்து இந்த நகரத்தின் தமிழ்க் கடைகளையும் வீடுகளையும் எரித்தார்கள். அதே கடற்படையின் தளத்திலே ஒருவர் ஒளிந்திருக்க, வெளியே சிங்கள மக்களும் அவரைத் தேடினார்கள் என்றால், பழைய வடு உள்ளவனுக்கு ஏதோ கணக்குத் தீர்ந்தது போலத் தோன்றாதா? ஜூலை 9 இரவு ரணில் விக்கிரமசிங்க அவர்களின் வீடு புத்தகங்களோடு எரிந்தபோதும், “யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981 இல் அவரும் மந்திரியல்லவா?” என்ற பேச்சு எழுந்தது. மந்திரிதான். ஆனால் அந்த வீட்டை எரித்தவர்களில் எவருக்கேனும் யாழ்ப்பாண நூலகம் ஞாபகத்தில் இருந்ததென்று நாம் நம்பவில்லை.

மிஷன் பாடசாலையிற் படித்த நம்மவர்க்குப் பிலாத்துவின் முற்றத்துக் கூக்குரல் தெரிந்திருக்கும். கூவியவர்களில் ஒருவருடைய பெயராவது எழுதப்பட்டிருக்கிறதா? 1983 இல் கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு எது என்று தேடிய காடையர்களுக்கு நம்முடைய பெயர்கள் தெரிந்திருந்தன; அவர்களுடைய பெயர்கள்தாம் எங்கும் எழுதப்படவில்லை. கண்ணகி மதுரையை எரித்தாளே என்று சிலர் கேட்பார்கள். அவள் முதலில் சிலம்பைக் கையில் ஏந்தி அரசன் முன் சென்று, தான் இன்னார் மனைவி என்று ஊரும் பேரும் சொல்லி வழக்குரைத்தாள். முதியோரையும் குழந்தைகளையும் தீண்டாதே என்று தீக்கே கட்டளையிட்டாள். நிட்டம்புவையில் அப்படிச் சொல்ல ஒரு குரல் இருந்ததா?

தீ வைத்தவர்களால் அரசாங்கத்துக்கே இலாபம். மே 9 காலைவரை நாடு கேட்ட கேள்வி, கடன் வாங்கிய பணம் எங்கே என்பது. மே 10 இல் பாதுகாப்பு அமைச்சு, சொத்துக்களுக்குச் சேதம் விளைவிப்போரைச் சுடும்படி படைகளுக்குக் கட்டளையிட்டது, கேள்வி மாறிவிட்டது. நேபாளத்தில் 2025 செப்ரெம்பர் 8 இல் இளைஞர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். மறுநாள் எரிந்த கட்டிடங்களில் பாராளுமன்றத்தோடு உயர் நீதிமன்றமும் ஒன்று. ஊழல் செய்தோருக்கு எதிரான வழக்கை இனி எந்தக் கோப்பைப் பார்த்து நடத்துவது?

நம் நாட்டிலே நீதிமன்றம் எரியவில்லை. 2023 நவம்பர் 14 இல், பொருளாதார வீழ்ச்சிக்குக் கோத்தாபய, மஹிந்த, பசில் ஆகிய சகோதரர்களும் வேறு சிலரும் பொறுப்பாளிகள் என்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாகக் கிடைத்தது தலா 150,000 ரூபா. சொற்பந்தான். ஆனால் அந்த மனுக்களில் தம் பெயரை எழுதிக் கையொப்பமிட்டவர்கள் இருந்தார்கள்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். 1983 இல் இந்த நகரில் எந்தக் கடை எரிந்தது, அது யாருடையது, அவர்கள் இப்பொழுது எங்கே என்பவை உங்களுக்குத் தெரியும், எமக்குத் தெரியாது. மன்றத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ஒரு மாலைப்பொழுது வந்து சொல்லுங்கள், நாம் எழுதிக்கொள்கிறோம்.