முடியாத விருந்து



‘குடும்பக் கதைதானே’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். உங்களிடம்தான் ஆன் டைலரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1941-இல் பிறந்த அமெரிக்க எழுத்தாளர். 1964-இல் முதல் நாவல். 1989-இல் ‘ப்ரீதிங் லெசன்ஸ்’ நாவலுக்குப் புலிட்சர் பரிசு. அவருடைய பெரும்பாலான நாவல்கள் பால்டிமோர் நகரத்து வீடுகளுக்குள்ளேயே நடக்கின்றன. 1982-இல் வந்த ‘டின்னர் அட் தி ஹோம்சிக் ரெஸ்டாரண்ட்’ ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

1944-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. விற்பனைப் பிரதிநிதியான பெக், இனிமேல் இந்தக் குடும்ப வாழ்க்கை வேண்டாம் என்று மனைவி பேர்லிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். பேர்ல் அதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பா வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று பிள்ளைகளை நம்பவைத்துவிட்டு, மளிகைக் கடையில் காசாளர் வேலைக்குப் போகிறாள். மூன்று பிள்ளைகளையும் ஒற்றை ஆளாக வளர்க்கிறாள். ஆத்திரம் வந்தால் அடிக்கிறாள், வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள்.

நல்ல தாயா, கொடுமைக்காரியா? டைலர் தீர்ப்பு சொல்வதில்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் பார்வையை மாற்றுகிறார். குடும்பத்தோடு ஊருக்கு வெளியே வில்வித்தை பழகப் போன அன்று, மூத்தவன் கோடியின் அம்பு அம்மாமேல் பாய்கிறது. தம்பி எஸ்ரா குறுக்கே வந்ததுதான் காரணம் என்பது கோடியின் கட்சி. அதே நாளைத் தாய் ஒரு விதமாக நினைக்கிறாள். கடைசியில் தகப்பன் வந்து வேறு விதமாகச் சொல்கிறார். அம்பு ஒன்று, காயம் வேறு வேறு. அண்ணன் தம்பி இருக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

எஸ்ரா உணவகம் நடத்துகிறவன். வீட்டாரை ஒரே மேஜையில் உட்காரவைத்து ஒரு விருந்தையாவது முழுதாக முடிக்கவேண்டும் என்பது அவன் ஆசை. ஒவ்வொரு தடவையும் யாராவது கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போகிறார்கள். அவன் மணக்கவிருந்த பெண்ணையே அண்ணன் கட்டிக்கொண்டான். அப்புறமும் அண்ணனை விருந்துக்கு அழைக்கிறான்!

பேர்லின் அடக்கத்துக்கு, இத்தனை வருஷம் கழித்து, பெக் வருகிறார். அவரும் விருந்துக்கு நடுவே நழுவிப் போகிறார். தேடிப்போய்க் கண்டுபிடிக்கிறவன், அப்பாவை ஆயுள் முழுக்க மன்னிக்காத கோடி. திரும்பி வரச் சம்மதிக்கிறபோதே, மறுபடி கிளம்பிவிடுவேன் என்றும் பெக் சொல்லிவிடுகிறார்.

எல்லாரும் கட்டிப்பிடித்து அழுது கதையை முடித்திருந்தால் வாசகன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். டைலர் அந்தச் சலுகையைத் தரவில்லை. ஒரு வீட்டில் நடந்ததை ஒருவர் மட்டும் முழுதாகச் சொல்லிவிட முடியாது என்று தெரிந்த எழுத்து இது. இதைச் சின்ன விஷயம் என்பவர்கள், தங்கள் வீட்டில் நடந்த ஏதாவதொரு சண்டையைத் தம்பியின் வாயால் ஒரு முறை கேட்டுப் பார்க்கட்டும்!