சாய்ந்த விவசாயியை நிமிர்த்துவது அரசு நிவாரணமே!



எனக்கு முன்னால் பேசிய நண்பர், "விவசாயிக்கு நிவாரணம் எதற்கு? தன்னம்பிக்கை போதும்!" என்று முழங்கினார். நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். அப்புறம் மெதுவா, "புயல்ல உங்களுக்கு என்னங்க விழுந்துச்சு?"ன்னு கேட்டேன். "மொட்டை மாடியில ரோஜாத் தொட்டி"ங்கறார்! (சிரிப்பு)

ஐயா, நான் வாக்கப்பட்ட ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. விடிஞ்சு பார்த்தா, எங்க தோப்புல 120 தென்னையில் 90 தரையில கிடக்கு. என் மாமனார் பேரப் பிள்ளைங்க பேரை மாத்திக் கூப்பிடுவார்; மரத்தோட வயசை மாத்திச் சொல்ல மாட்டார்.

விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. "அம்பது வருஷம் காய்க்கிற மரத்துக்கு அறுநூறா? நான் கை நீட்ட மாட்டேன்"னு திண்ணையில உட்கார்ந்துட்டார் மாமனார். அவர்கிட்ட தன்னம்பிக்கைக்குக் குறைச்சலா? இல்லை. ஆனா, கிடந்த மரம் கிடந்த இடத்துலயே கிடந்துச்சு!

ஒருநாள் கணக்கெடுக்க வந்தாங்க. "எத்தனை மரம் பெரியவரே?"ன்னு கேட்டாங்க. எழுந்தார். ஒவ்வொரு மரத்தையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். தொண்ணூறுன்னு சொல்லும்போது உடைஞ்சு அழுதார். புயலுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் ஐயா அழுதார். நம்ம நஷ்டத்தைக் கேட்டு எழுதிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்.

90 மரத்துக்கு 99,000 ரூபாய் வந்தது. மரத்தை அறுத்து, வேர்க்கட்டையைப் பெயர்த்து, நிலம் கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகுதான், "போய்க் கன்னு வாங்கிட்டு வா"ன்னார். தன்னம்பிக்கை எங்கேயும் போகலை ஐயா. அந்த மரத்துக்கு அடியில கிடந்துச்சு. அதை எடுக்கணும்னா முதல்ல மரத்தை எடுக்கணுமே! (கைதட்டல்)

"நிவாரணம் இல்லாவிட்டாலும் எழுந்திருப்பார்" என்பீர்கள். பக்கத்துத் தோப்பைப் பாருங்க. அதைக் குத்தகைக்கு எடுத்திருந்த அண்ணன், எங்க மாமனாரை விட உழைப்பாளி. குத்தகைப் பணத்தை முன்னாடியே கட்டியிருந்தார். ஊடுபயிரா வாழையும் வெச்சிருந்தார். எல்லாம் போச்சு. பட்டா அவர் பேரில் இல்லை, குத்தகையும் வாய்ப்பேச்சு. நிவாரணம் வெளியூரில் இருக்கும் நிலக்காரர் கணக்குக்குப் போனது. அண்ணன் இப்போ திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கார்.

ஒரே புயல். ஒரே தன்னம்பிக்கை. நிவாரணம் வந்தவர் தோப்பில் இன்று புதுத் தென்னை நிற்கிறது. வராதவர் ஊரிலேயே இல்லை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

எனவே நடுவர் அவர்களே, விவசாயியை நிமிர்த்துவது அரசு நிவாரணமே என்று தீர்ப்புச் சொல்லுங்கள். கூடவே அரசுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: பட்டா யார் பேர்ல இருக்குன்னு மட்டும் கேட்காதீங்க, மண்வெட்டி யார் கையில இருந்துச்சுன்னும் கேட்டுட்டுக் கொடுங்க!