ஊரில் எந்தப் பக்கம்?

‘இங்கே சாதியே இல்லை, பிறகு ஏன் கிளறுகிறீர்கள்?’ என்று எனக்கு முன் பேசிய நண்பர் கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். 1929 இறுதியில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி, மலாயாவெங்கும் சாதியைச் சாடிப் பேசினார். இல்லாததைச் சாடவா கப்பலேறி வந்தார்?

பழைய கதை வேண்டாம். அப்துல்லா ஹுசேனின் ‘இன்டர்லோக்’ நாவல் 1971-இல் வெளிவந்தது. 2011-இல் அது ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலானது. நம்மவரைச் சாதிப் பெயரால் குறித்த பக்கங்கள் அதில் இருந்தன. கொதித்தோம், மகஜர் கொடுத்தோம், ஊர்வலம் போனோம். அவ்வாண்டு இறுதியில் அரசாங்கம் நூலை மீட்டுக்கொண்டது. நியாயமான எதிர்ப்புத்தான்; நானும் கையெழுத்திட்டவன்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் இரண்டு கோபங்கள் இருந்தன. ‘மனிதனைச் சாதி சொல்லிக் குறிக்காதே’ என்பது ஒன்று. ‘நான் அந்தச் சாதி இல்லையே, என்னை ஏன் சேர்த்தாய்?’ என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே பதாகையைப் பிடித்து நின்றன. பாடநூல் போனதும் பதாகையைச் சுருட்டிவிட்டோம். எந்தக் கோபம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறு ஆண்டு என் அக்கா மகனுக்குப் பெண் பார்த்தோம். என் பக்கத்தில் நின்று கையெழுத்திட்ட பெரியவர்தான் பெண்ணின் தாத்தா. படிப்பு பொருந்தியது, ஜாதகமும் பொருந்தியது. கடைசியாகத் தொலைபேசியில் குரலைத் தாழ்த்தி, “ஊரில் எந்தப் பக்கம்?” என்றார்.

“கிள்ளான் பக்கம்தான் ஐயா” என்றார் அக்கா.

அதன் பிறகு அழைப்பு வரவில்லை. சாதி இல்லையென்றால், நண்பரே, அந்தத் தொலைபேசி ஏன் ஓய்ந்தது?