கிரீன் கார்டு: நாம் நிற்பது எந்த வரிசையில்?

(நம் சங்கத்தின் ஹைதராபாத் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

படித்து, தொழில்திறமை உள்ள நம் பிள்ளைகள் வெளிதேசத்தில் நிரந்தரமாக வசிக்கும் உரிமையை எப்படிப் பெறுகிறார்கள் என்பது பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் வக்கீல் அல்ல, விசா ஏஜெண்டும் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்து, முப்பத்தைந்து வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். பிள்ளை அமெரிக்காவில், பெண் கனடாவில். ஆகவே இரண்டு தேசத்து விதிகளையும், ஆபீஸ் சர்க்குலரைப் படிப்பது போல, உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று. படித்ததைச் சொல்கிறேன்.

இதைப் பேச ஹைதராபாத்தை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. உஸ்மான் சாகர் ஏரிக்கரையில் உள்ள சில்கூர் பாலாஜிக்கு 'விசா பாலாஜி' என்றே பெயர் வந்துவிட்டது. வேண்டிக்கொள்ளும்போது 11 பிரதட்சிணம், காரியம் கைகூடினால் 108. ஒரு காலத்தில் விசா நேர்காணலுக்காக சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போய் வந்தோம். 2008இல் பேகம்பேட்டை பைகா அரண்மனையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறந்தார்கள். 2023இல் அது நானக்ராம்கூடாவில் சொந்தக் கட்டடத்துக்குப் போயிற்று. தூதரகம் அருகில் வந்துவிட்டது. கிரீன் கார்டு மட்டும் தூரம் போய்க்கொண்டிருக்கிறது. ஏன்?

முதலில் ஒரு சொல் விளக்கம். கிரீன் கார்டு என்பது குடியுரிமை அல்ல. அது நிரந்தரமாக வசிக்கவும் வேலை பார்க்கவும் உரிமை. பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தான். பொதுவாக ஐந்து வருஷம் கழித்துத்தான் குடியுரிமைக்கு மனுப் போடலாம். எச்-1பி என்பதோ தற்காலிக வேலை விசா. மூன்று வருஷம், நீட்டித்தால் ஆறு வருஷம். கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால், 2000ஆம் வருஷத்துச் சட்டப்படி மேலும் நீட்டித்துக்கொண்டே போகலாம். நம் பிள்ளைகள் பலர் இந்த நீட்டிப்பிலேயே தலை நரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காரணம் 1990ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம். வேலையின் அடிப்படையில் வருஷத்துக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டுகள். எந்த ஒரு தேசத்தில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கூடாது. கணக்குப் போட்டால் 9,800. இதில் மனைவி மக்களும் அடக்கம். நாலு பேர் கொண்ட குடும்பங்கள் என்றால் 2,450 குடும்பங்கள்தான். பிற தேசத்தார் உபயோகிக்காத எண்கள் மிஞ்சினால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். 140 கோடி ஜனங்கள் உள்ள நமக்கும், ஏறத்தாழ நாலு லட்சம் பேர் வசிக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே வரம்பு. தொட்டியில் விழும் தண்ணீர் அதிகம், வெளியேறும் குழாய் சிறிசு. மட்டம் ஏறத்தான் செய்யும்.

சர்க்கார் ஊழியர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நம் சீனியாரிட்டி லிஸ்ட் போலத்தான் அங்கே முன்னுரிமைத் தேதி. கம்பெனி முதல் மனுவைத் தாக்கல் செய்த தேதி அது. ஒவ்வொரு மாதமும் அமெரிக்க வெளியுறவுத் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டு, எந்தத் தேதி வரை உள்ளவர்களுக்கு எண் கிடைக்கும் என்று சொல்கிறது. 2025இல் வந்த பெரும்பாலான அறிவிப்புகளில், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் பிரிவுகளின் தேதி 2013இல் நின்றது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த இரண்டு பிரிவுகளில்தான் இருக்கிறார்கள். சில மாதம் தேதி முன்னே போகும், சில மாதம் நகராது, சில சமயம் பின்னாலும் போகும்.

கவனியுங்கள், பார்ப்பது பிரஜா உரிமையை அல்ல, பிறந்த தேசத்தை. நம் குடும்பத்துப் பிள்ளையே மஸ்கட்டில் பிறந்திருந்தால் அவன் இந்திய வரிசையில் நிற்க வேண்டாம். மனைவி வேறு தேசத்தில் பிறந்தவளாக இருந்தால் கணவனும் அவள் வரிசைக்கு மாறிக்கொள்ளலாம்.

என் பிள்ளையின் முன்னுரிமைத் தேதி 2015. பேத்தி 2009இல் இங்கே செகந்திராபாத்தில் பிறந்து, இரண்டு வயதில் போனவள். தம்பி அங்கே பிறந்தவன். ஆகவே பிறப்பாலேயே அமெரிக்கப் பிரஜை. ஒரே வீட்டில், ஒரே பள்ளியில் படித்த இரண்டு குழந்தைகளில் ஒருவனுக்குக் கவலை இல்லை. மற்றவளுக்கு 2030இல் 21 வயது பூர்த்தியாகும். அதற்குள் எண் வராவிட்டால் தகப்பனாரின் மனுவிலிருந்து அவள் பெயர் விழுந்துவிடும். மனு பரிசீலனையில் இருந்த நாட்களை வயதிலிருந்து கழிக்க 2002ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. அது சில மாதங்களுக்குத்தான் உதவும். பிறகு மாணவர் விசா எடுத்து, அந்நிய மாணவியைப் போலக் கட்டணம் கட்டி, அவளே ஒரு புது வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். "தாத்தா, நான் எந்த ஊர்?" என்று தொலைபேசியில் கேட்டாள். "எங்கள் ஆத்துக் குழந்தை" என்றேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

இன்னொரு விஷயம். எச்-1பியில் இருப்பவர் வேலை இழந்தால் வேறு வேலை தேடிக்கொள்ளப் பொதுவாக 60 நாள்தான் அவகாசம். வீட்டுக் கடன், குழந்தைகள் படிப்பு எல்லாம் அந்த அறுபது நாளில் தொங்கும். 2025 செப்டம்பரில், வெளிதேசத்திலிருந்து புதிதாக எச்-1பியில் எடுக்கப்படுபவருக்குக் கம்பெனி ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றும் அறிவித்தார்கள். ஆகவே "போனால் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு இனி உதவாது.

கல்யாணத்துக்குப் பெண் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். "கிரீன் கார்டு உள்ள வரன்தான் வேண்டும்" என்று பலர் கேட்கிறோம். விதி வேறு மாதிரி இருக்கிறது. கிரீன் கார்டு வந்த பிறகு ஒருவன் கல்யாணம் செய்துகொண்டால், மனைவிக்காகத் தனியே மனுப் போட வேண்டும். 2025இல் அந்த வரிசையிலும் வருஷக்கணக்கில் காத்திருப்பு இருந்தது. எச்-1பியில் உள்ளவனைக் கல்யாணம் செய்துகொண்டால், நேர்காணல் முடிந்து எச்-4 விசாவில் பெண் புறப்படலாம். கிரீன் கார்டு கிடைப்பதற்கு முன்பே தாலி ஏறியிருந்தால், கணவனின் முன்னுரிமைத் தேதியே அவளுக்கும் பொருந்தும். ஆனால் எச்-4இல் வேலை பார்க்க முடியுமா என்பது வேறு கேள்வி. 2015இல் வந்த விதிப்படி, கணவனுடைய ஐ-140 மனு அங்கீகாரம் ஆகியிருந்தால்தான் பொதுவாக அனுமதி. எம்.டெக். படித்த பெண் வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார நேரிடலாம். ஜாதகம் பார்க்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள். தப்பில்லை.

கனடா, ஆஸ்திரேலியா முறை வேறு. அங்கே கம்பெனி தயவு இல்லாமலேயே நாமே மனுப் போடலாம். கனடா 1967இல் மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. 2015 முதல் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' நடக்கிறது. வயது, படிப்பு, ஆங்கில பிரெஞ்சுப் பரீட்சை, அனுபவம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,200 மார்க். பிறந்த தேசத்துக்கு வரம்பு கிடையாது. ஆனால் வயதுக்கான மார்க் 20 முதல் 29 வரைதான் முழுசாகக் கிடைக்கும். பிறகு வருஷா வருஷம் குறைந்து 45இல் பூஜ்யம். ஆஸ்திரேலியாவிலும் 45 வயதுக்குள் அழைப்பு வந்தாக வேண்டும். அமெரிக்க வரிசையில் பத்து வருஷம் நின்றுவிட்டுப் பிறகு கனடாவை நினைப்பவனுக்கு அந்தப் பத்து வருஷமும் நஷ்டக் கணக்கு. இதுவும் நிலையான வரம் அல்ல. 2025ஆம் வருஷத்துக்கு 5 லட்சம் என்றிருந்த இலக்கை, கனடா 2024 அக்டோபரில் 3,95,000ஆகக் குறைத்தது. அங்கே போனதும் படித்த படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை. டாக்டர்கள் மறுபடி பரீட்சை எழுத வேண்டும்.

இனிக் காகிதங்கள். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம்! தகப்பனார் பெயரைப் போட்டால் ஆபீஸில் பிள்ளையை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். எதுவானாலும் பள்ளிச் சான்றிதழ், பட்டம், பாஸ்போர்ட், கல்யாணப் பதிவு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். பிறப்பு பதிவாகாமல் போயிருந்தால், 'பதிவு இல்லை' என்ற சான்றிதழை முனிசிபாலிட்டியில் இப்போதே வாங்கி வையுங்கள். கூடவே பள்ளி ரிகார்டும் உறவினர் அபிடவிட்டும் தேவைப்படும். பெரியவர்கள் கையில் தெம்பு இருக்கும்போதே செய்துவைக்க வேண்டிய வேலை இது.

நம் சௌகரியத்தையும் சொல்கிறேன். கிரீன் கார்டு உள்ள பிள்ளை அப்பா அம்மாவுக்கு மனுப் போட முடியாது. பிரஜை ஆன பிறகே முடியும். கனடாவில் 2011 முதல் 'சூப்பர் விசா' உண்டு. 2022 முதல் ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம்; மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். பிள்ளை அந்நியப் பிரஜை ஆனால் நம் தேசத்துப் பிரஜா உரிமை போய்விடும். அதற்குப் பதிலாக ஓ.சி.ஐ. அட்டை பெறலாம். அதன் முதல் அட்டைகளை 2006 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் வழங்கியது இதே ஹைதராபாத்தில்தான். அந்த அட்டை இருந்தாலும் ஓட்டுக் கிடையாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பிதுரார்ஜிதமாக வந்தால் தடை இல்லை.

ஸ்கந்தகிரி கோவில் வாசலில் "மாமா, உங்க பிள்ளைக்கு கிரீன் கார்டு வந்தாச்சா?" என்று கேட்காதவர் இல்லை. நாமும் ஞாயிற்றுக்கிழமை போனில் அதையே பிள்ளையிடம் கேட்கிறோம். அவன் கெட்டிக்காரத்தனத்தில் குறைவில்லை. அந்த வரிசை அவன் கையில் இல்லை. அவனைக் குடைவதை விட்டு, ஒரு தடவை உட்கார்ந்து நாலு விஷயம் விசாரியுங்கள். எந்தப் பிரிவு? முன்னுரிமைத் தேதி என்ன? குழந்தைக்கு 21 வயது எப்போது ஆகிறது? வராவிட்டால் எந்த வருஷத்துக்குள் கனடாவா, இந்தியாவா என்று முடிவு செய்யப் போகிறாய்? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது, "இங்கே வந்தால் வா, வீடு இருக்கிறது" என்று சேர்த்துச் சொல்லுங்கள். திரும்பி வருவது தோல்வி என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் மனதில் ஏற்றியதில் நம் தலைமுறைக்கும் பங்கு உண்டு. அதை இறக்கி வைப்பதும் நாமாகவே இருக்கட்டும்.

 எல்லாக் குழந்தைகளும் எங்கிருந்தாலும் க்ஷேமமாக இருக்க பகவானைப் பிரார்த்திக்கிறேன்.