ஆண்டவர் மாமன், அரசன் மருமகன்

(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பராயமடையாப் பிள்ளையின் வயலை மாமன் பார்த்துவரும் வழக்குகள் நம்மிடம் ஓயாது வருவன. முதலாண்டில் "மருமகனின் வயல்" என்பார். மூன்றாமாண்டில் "எங்கள் வயல்" என்பார். அப்பால் நாம் சொல்ல வேண்டியதில்லை. வயலன்றி ஓர் இராச்சியமே அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட வரலாற்றை இன்று கூற விழைகின்றோம்.

1547ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னன் இறந்தான். மகன் எட்வேட்டுக்கு வயது 9. ஹென்றி தன் மரணசாசனத்தில் 16 நிறைவேற்றாளரை நியமித்து, மைந்தன் 18 வயதடையும்வரை அவர்கள் கூடி ஆளவேண்டுமென விதித்திருந்தான். தனியொருவரின் தலைமை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மன்னன் இறந்த செய்தி மூன்று நாட்கள் மறைக்கப்பட்டது. அது வெளிவந்த அன்றே சிறுவனின் தாய்மாமன் எட்வேட் சீமோர் இராச்சியக் காப்பாளராகத் தெரியப்பட்டார். சோமசெற் கோமகன் என்னும் பட்டமும் விரைவில் வந்தது. சபையார் விதித்த நிபந்தனை ஒன்றே: ஏனைய நிறைவேற்றாளரின் ஆலோசனையும் சம்மதமும் இன்றி எதுவுஞ் செய்யலாகாது. அது ஆறு வாரமே நிலைத்தது. மார்ச் மாதத்தில், தாம் விரும்பியவரைச் சபையில் அமர்த்தவும், தாம் வேண்டிய அளவே ஆலோசனை கேட்கவும் அவருக்கு அதிகாரமளிக்கும் அரச முத்திரைப் பத்திரம் பிறந்தது. வழங்கியவன் யார்? சட்டப்படி மன்னன், அஃதாவது, அவர் பாதுகாப்பிலேயே இருந்த பாலகன்!

சோமசெற் கொடியவர் அல்லர். செம்மறி வளர்த்துக் கம்பளியால் பொருளீட்டப் பிரபுக்கள் உழுநிலங்களையும் பொது மேய்ச்சற் தரைகளையும் வேலியடைத்துக்கொண்ட காலம் அது. உழுதவன் வீதிக்கு வந்தான். 1548இல் அவ்வேலிகளை விசாரிக்க ஆணைக்குழு அமைத்தவர் அவரே. ஏழைகளின் முறையீட்டைத் தம் மனையிலேயே கேட்டார். ஆயின் சபையைத் தம்முடன் அழைத்துச் செல்ல அவருக்குப் பொறுமையில்லை. நண்பர் வில்லியம் பஜெற் எழுதி எச்சரித்தும் பயனில்லை. சொந்தத் தம்பி தோமஸ் மீது துரோகக் குற்றம் எழுந்தபோது, வழக்கு விசாரணையே இன்றிப் பாராளுமன்றச் சட்டமொன்றினால் 1549 மார்ச்சில் அவன் தலை வீழ்ந்தது. மரண ஆணையில் தமையனும் ஒப்பமிட்டார்.

அவ்வாண்டுக் கோடையில், காப்பாளர் தம் பக்கமென நம்பிய நோபோக் பகுதி உழவர், றொபேட் கெற் தலைமையில் வேலிகளைப் பிடுங்கினர். அதே காப்பாளரின் அரசு படையனுப்பியது. வோரிக் பிரபு ஜோன் டட்லியின் சேனை ஆயிரக்கணக்கானோரை வெட்டி வீழ்த்தியது. உழவரும் கைவிடப்பட்டனர், பிரபுக்களும் பழியை அவர்மீதே சுமத்தினர்.

ஒக்டோபரில் டட்லியும் சபையாரும் எதிர்த்தெழ, சோமசெற் மன்னனை இரவோடிரவாக விண்ட்சர் கோட்டைக்குக் கொண்டோடினார். ஒரு வாரத்துள் சிறைப்பட்டார். குற்றச்சாட்டுகளில் முன்னின்றது எது? நிறைவேற்றாளரின் சம்மதமின்றி ஆண்டார் என்பதே! முத்திரைப் பத்திரத்தை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

விடுதலையாகிச் சபைக்கு மீண்டவர், 1551இல் மறுபடியும் பிடிபட்டார். தம்பிக்குக் கிட்டாத விசாரணை அவருக்குக் கிட்டிற்று. பிரபுக்கள் மன்று இராசத் துரோகக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வேறொரு குற்றத்திற்கு மரணம் விதித்தது. 1552 ஜனவரி 22ஆம் நாள் காலையில் தண்டனை நிறைவேறியது. மாமனின் தலை வெட்டப்பட்ட இடத்தையும் நேரத்தையும் பதினான்கு வயது மருமகன் தன் நாட்குறிப்பில் ஒரு வாக்கியத்தில் பதிந்து வைத்தான்.