விமானப் பயணமும் மின்கலமும்

 

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா அவர்கள் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சிறு விமானத்தை ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட் என்பவர். அவர்கள் சுமந்து வந்தவை காகிதக் கடிதங்களே. இன்று மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு வடிவில் மின்சாரத்தைச் சுமந்துகொண்டே ஏறுகின்றனர். கைப்பேசியில் மின்கலம், மடிக்கணினியில் மின்கலம், சிலருடைய பெட்டியில் ட்ரோன் என்னும் ஆளில்லாப் பறக்கும் பொறி, அதற்கென மூன்று நான்கு உபரி மின்கலங்கள். பாட்டரி என்று நாம் பேச்சில் வழங்கும் இம்மின்கலத்தை விமானத்தில் தீங்கின்றி எடுத்துச் செல்வது எவ்வாறு, அதற்கென வகுக்கப்பட்ட விதிகளின் காரணம் யாது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இது நமக்குத் தொலைவான பொருள் அன்று. நான் வாழும் ராஜகுளத்துப் பக்கத்து வயல்களில், மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து ஆள் நடந்த வரப்பின் மேலே இப்பொழுது ட்ரோன் பறந்து மருந்து தெளிக்கிறது. நம் காஞ்சிபுரம் மாவட்டத்து வல்லம் வடகாலில் ஆளில்லா விமானங்களைச் சோதிக்கும் நிலையம் ஒன்றை அமைக்கும் திட்டம் 2023ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், மருத்துவ உதவிக்கு ட்ரோனைப் பயன்படுத்தும் போட்டி ஒன்று நடந்தது. அதில் அண்ணா பல்கலைக்கழகத்துக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ‘தக்ஷா’ மாணவர் குழு இரண்டாம் இடம் பெற்றது. ஆகவே இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுள் சிலர், நீங்களே இணைத்த ட்ரோனோடு விமான நிலைய வாயிலில் நிற்கும் நாள் வெகு தொலைவில் இல்லை. அன்று கைப்பையில் எதை வைப்பது, பெரிய பெட்டியில் எதை வைப்பது என்ற கேள்வி எழும்.

முதலில் மின்கலத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். லித்தியம் அயனி மின்கலம் 1991ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தது. அதனை உருவாக்கப் பாடுபட்ட குடெனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றனர். லித்தியம் உலோகங்களிலேயே மிக இலேசானது. ஆதலால் சிறிய எடையில் மிகுந்த ஆற்றலைச் சேர்த்து வைக்க இக்கலத்தால் முடிகிறது. கனமான ஈய மின்கலத்தைச் சுமந்துகொண்டு இச்சிறு ட்ரோன்கள் எழும்பியிரா. லித்தியம் வந்ததனாலேயே அவை பறக்கின்றன.

இக்கலத்தினுள் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் நெருக்கமாகச் சுருட்டியோ அடுக்கியோ வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஒன்றையொன்று தொடாதபடி பிரிப்பது மயிரிழையினும் மெல்லிய ஒரு பிளாஸ்டிக் திரை. இடையில் நிரம்பியிருப்பதோ எளிதில் தீப்பற்றக்கூடிய ஒரு திரவம். கலம் நசுங்கினாலும், அளவுக்கு மீறி மின்னேற்றப்பட்டாலும், தயாரிப்பில் குறை இருந்தாலும் அத்திரை கிழியலாம். கிழிந்தால் தகடுகள் தொடும். தொட்டால் சூடு பிறக்கும். சூட்டினால் திரை மேலும் உருகும். உள்ளிருக்கும் பொருள்கள் சிதைந்து இன்னும் சூட்டைத் தரும். ஈரம் உலராத வைக்கோலைப் போராக வேய்ந்துவிட்டால், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே சூடேறி ஒரு நாள் புகைவதை நம் உழவர்கள் அறிவார்கள். அங்கே நாட்கணக்கில் நிகழ்வது இங்கே நிமிடக் கணக்கில் நிகழ்கிறது. மேலும், ஒரு கலம் வெடித்தால் அதன் வெப்பம் பக்கத்துக் கலத்தைப் பற்றும், அது அடுத்ததை. தீபாவளிச் சரவெடியில் ஒரு முனையில் வைத்த நெருப்பு மறுமுனை வரை ஓடுவதைப் போன்றது இது.

இவ்வபாயம் ஏட்டளவில் உள்ளதன்று. 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் யூ.பி.எஸ். நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் புறப்பட்டது. சரக்கில் லித்தியம் மின்கலங்கள் ஏராளமாக இருந்தன. நடுவானில் சரக்கறையில் தீ மூண்டது. சிறிது நேரத்தில் விமானி அறையைப் புகை சூழ்ந்தது. எதிரே இருந்த கருவிகளைக் கூடக் காண இயலாத நிலை. துபாய்க்குத் திரும்பி இறங்க முயன்ற விமானம் தரையில் வீழ்ந்து நொறுங்க, விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தென் கொரியாவின் ஆசியானா நிறுவனத்துச் சரக்கு விமானம் ஒன்று, சரக்கறையில் மூண்ட தீயினால் ஜேஜு தீவுக்கருகே கடலில் வீழ்ந்து அதன் விமானிகள் இருவரையும் பலிகொண்டது. அதன் சரக்கிலும் லித்தியம் மின்கலங்கள் இருந்தன. இத்தகைய அனுபவங்களின் பின்னரே, பயணிகள் விமானத்தில் லித்தியம் அயனி மின்கலங்களைத் தனிச் சரக்காக ஏற்றுவதைப் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் முதல் தடை செய்தது.

இனி, பயணிகளுக்குரிய தலையாய விதிக்கு வருவோம். உபரி மின்கலங்களைச் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைத்தல் கூடாது. அவற்றைக் கைப்பையில் தம்முடனேயே கொண்டுசெல்ல வேண்டும். கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் என்னும் கருவிக்கும் இதே விதிதான்.

இவ்விதியைக் கேட்ட மாணவன் ஒருவன், “ஐயா! அபாயமான பொருளைத் தூரத்தில் அல்லவா வைக்க வேண்டும்? மனிதர் அமர்ந்திருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டு வா என்கிறார்களே, இது தலைகீழாக இருக்கிறதே!” என்று என்னை வினவினான். நல்ல வினா. விடை இதுதான். சரக்கறையில் தீயணைக்கும் வாயு உண்டு. அது சுவாலையை அடக்கும்; ஆனால் சூடேறிய மின்கலத்தைக் குளிர்விக்காது. குளிராத கலம் மீண்டும் மீண்டும் பற்றும். விமானம் பறக்கும்பொழுது அங்கே சென்று பார்ப்பாரும் இல்லை, தண்ணீர் ஊற்றுவாரும் இல்லை. பயணிகள் பகுதியிலோ புகையைக் கண் காணும். நாற்றத்தை மூக்கு உணரும். பயிற்சி பெற்ற பணியாளர் உடனே கை வைப்பர். அபாயத்தைக் கண்ணுக்கெட்டாத இடத்தில் ஒளித்து வைப்பதை விட, கண்காணிப்பில் வைப்பதே மேல் என்பது இதன் தத்துவம்.

இதற்கு நம் சென்னை விமானமே சான்று. 2016ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானம் ஒன்றில், இருக்கைகளுக்கு மேலே பைகளை வைக்கும் பெட்டகத்திலிருந்து புகை நாற்றம் எழுந்தது. பயணிகள் பணியாளரிடம் கூறினர். பணியாளர் அருகிலிருந்தோரை வேறிடத்துக்கு மாற்றினர். பெட்டகத்தைத் திறந்து பார்த்தபொழுது ஒரு பயணியின் பையிலிருந்த கைப்பேசி புகைந்துகொண்டிருந்தது. தீயணைப்பானைப் பயன்படுத்திய பின்னர், அக்கைப்பேசியை எடுத்துத் தண்ணீர் நிரம்பிய பாத்திரம் ஒன்றில் அமிழ்த்தினர். விமானம் பழுதின்றிச் சென்னையில் இறங்கியது. அதே கைப்பேசி சரக்கறைப் பெட்டியில் துணிகளுக்கிடையே புகைந்திருந்தால் யார் அறிந்திருப்பார்? கையில் இருந்தமையால் கண்டனர், கண்டமையால் காத்தனர்.

மேலே உள்ள பெட்டகமும் முழுக் காவலாகாது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் தென் கொரியாவின் பூசான் நகரில், புறப்படுவதற்கு ஆயத்தமாக நின்ற ஏர் பூசான் விமானத்தில் மேற்பெட்டகம் ஒன்றிலிருந்து தீ மூண்டது. அனைவரும் இறங்கி உயிர் தப்பினர். விமானமோ எரிந்து பாழாயிற்று. பவர் பேங்க் ஒன்றின் உள்ளே ஏற்பட்ட பழுதே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர் கருதினர். அதன் பின்னர் அந்நாட்டில், அவற்றை மேற்பெட்டகத்தில் வைத்தலாகாது என விதித்தனர். ஆதலால் மின்கலப் பையை உங்கள் காலடியில், கண் பார்வையில் வைத்துக்கொள்வதே நன்று.

அடுத்தது அளவு பற்றிய விதி. இது உங்கள் பௌதிகப் பாடமே. மின்கலத்தின் ஆற்றலை வாட்-மணி என்னும் அலகால் அளப்பர். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். கலத்தின் மேல் மில்லியாம்பியர்-மணி என அச்சிட்டிருந்தால் ஆயிரத்தால் வகுத்துக்கொள்க. படம் பிடிக்கும் சிறு ட்ரோனின் மின்கலம் 7.7 வோல்ட், 2,250 மில்லியாம்பியர்-மணி எனக் கொள்வோம். 7.7ஐ 2.25ஆல் பெருக்க ஏறத்தாழ 17 வாட்-மணி வரும். சற்றுப் பெரிய ட்ரோனுக்கு 15.4 வோல்ட், 5,000 மில்லியாம்பியர்-மணி எனில் 77 வாட்-மணி.

100 வாட்-மணி வரையுள்ள கலங்களைப் பயணி தம் சொந்த உபயோகத்திற்காகக் கைப்பையில் கொண்டுசெல்லலாம். 100க்கு மேல் 160 வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அதிலும் உபரியாக இரண்டுக்கு மேல் கூடாது. 160ஐத் தாண்டினால் பயணியின் பைகளில் அதற்கு இடமில்லை. இப்பொழுது மருந்து தெளிக்கும் ட்ரோனின் கலம் ஒன்றைக் கணக்கிடுவோம்: 22.2 வோல்ட், 16,000 மில்லியாம்பியர்-மணி. பெருக்கினால் 355 வாட்-மணி! வயலில் நமக்கு உதவும் அக்கலம் பயணியாக விமானம் ஏற முடியாது. தரை வழியே செல்லலாம். அன்றி, அபாயப் பொருள் என அறிவிக்கப்பட்டு, முறைப்படி கட்டப்பட்டுச் சரக்கு விமானத்தில் செல்லலாம். போட்டிக்குச் செல்லும் குழுவினர் இக்கணக்கைப் புறப்படும் நாளன்று போடுதல் கூடாது. பொறியை வடிவமைக்கும் நாளன்றே போட வேண்டும்.

இனிச் சில நடைமுறைகள். ஒவ்வொரு கலத்தின் முனைகளையும் ஒட்டுநாடாவினால் மூடி, தனித்தனி உறையில் இடுக. சாவி, நாணயம் போன்ற உலோகப் பொருள்கள் இரு முனைகளையும் ஒருங்கே தொட்டால் அதுவே நெருப்புக்கு வித்தாகும். உப்பிய கலம், நசுங்கிய கலம், தண்ணீரில் விழுந்த கலம் ஆகியவற்றைப் பயணத்துக்கு எடுக்கவே வேண்டாம். முழுவதும் மின்னேற்றிக் கொண்டுசெல்வதை விடப் பாதிக்குக் குறைவாக வைத்திருப்பது நல்லது. சேமித்த ஆற்றல் குறைந்தால் பிறக்கும் வெப்பமும் குறையும். இடமில்லை என்று கடைசி நேரத்தில் உங்கள் கைப்பையைச் சரக்கறைக்கு அனுப்பக் கேட்டால், மின்கலங்களை வெளியே எடுத்துக்கொண்ட பின்னரே பையைக் கொடுங்கள். இருக்கை இடுக்கில் கைப்பேசி விழுந்துவிட்டால் இருக்கையை அசைக்காமல் பணியாளரை அழையுங்கள். இருக்கையின் இரும்பு அதனை நசுக்கக்கூடும். விதிகள் நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது வேறுபடும். காலத்தால் மாறவும் செய்யும். ஆகையால் ட்ரோனின் உடற்பகுதியை எதில் வைப்பது என்பது உட்பட யாவற்றையும் பயணத்துக்கு முன்னரே நிறுவனத்திடம் கேட்டறிதல் கடமை.

இறுதியாக ஒன்று. சோதனைச் சாவடியில் சொன்னால் பறித்துக்கொள்வார்களோ என்றஞ்சி, மின்கலத்தைத் துணிக்குள் மறைத்துப் பெரிய பெட்டியில் வைப்பவர் உண்டு. மறைத்த நெருப்பு என்ன செய்யும் என்பதை நம் மதுரை கண்டது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் விடியற்காலையில், லக்னோவிலிருந்து வந்து மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். ரயிலில் கொண்டுசெல்லத் தடை செய்யப்பட்ட சமையல் எரிவாயு உருளையைச் சிலர் மறைத்துக் கொண்டுவந்து அடுப்பு மூட்டியதே காரணம். அவர்கள் கொடியவர் அல்லர். காலையில் சூடாகத் தேநீர் பருக விரும்பிய யாத்திரிகரே. எனினும் விதி எதற்காக உள்ளது என எண்ணாததன் விலையை, உறங்கிக்கொண்டிருந்த உடன்பயணிகளும் கொடுக்க நேர்ந்தது.

நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது என்று நம் முன்னோர் சொல்வர். “என் பையில் இத்தனை வாட்-மணியில் இத்தனை மின்கலங்கள் உள்ளன” என்று காவலரிடம் தாமாகவே எடுத்துரைப்பதால் நமக்கு இழுக்கு ஒன்றுமில்லை. மிஞ்சிப் போனால் ஒரு கலத்தை விட்டுச் செல்ல நேரும். ஆனால் ஒரு விமானத்தில் நூற்றைம்பது, இருநூறு உயிர்கள் ஒருவரையொருவர் அறியாமலே ஒருவரையொருவர் நம்பி அமர்ந்திருக்கின்றன. பக்கத்து இருக்கையிலுள்ள மூதாட்டி உங்கள் பையில் இருப்பதை அறியார். அறிந்தவர் நீங்கள் ஒருவரே. ஆகவே அவர் பொருட்டுக் கவனமாக இருக்க வேண்டியவரும் நீங்களே.

தண்டனைக்கு அஞ்சி விதியைக் காப்பவன், பார்ப்பாரில்லாத இடத்தில் அதைக் கைவிடுவான். காரணத்தை உணர்ந்து காப்பவனோ எவ்விடத்தும் கைவிடான். நீங்கள் கற்கும் விஞ்ஞானம் பொறியைப் பறக்கச் செய்வதோடு அமையாமல், பிறர் உயிரைப் பேணும் பொறுப்பையும் உங்களுக்குத் தர வேண்டும் என்பதே என் விருப்பம். நீங்கள் உலகெங்கும் பறந்து, நலமே சென்று நலமே திரும்புவீர்களாக!